மேளச் சமாப் பதிவுகளைச் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஐயாமாருக்கும் அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும்,

கோயில் திருவிழாக்களில் நடந்த மேளச் சமாக்களை, அதாவது நாதஸ்வர தவில் கச்சேரிகளை, கசெற்றில் பதிந்து வைத்திருப்பவர்கள் நம் யாழ்ப்பாணத்தில் இணுவில், அளவெட்டி, மாவிட்டபுரம், சாவகச்சேரி, வண்ணார்பண்ணை என்று ஊருக்கு இரண்டு பேராவது இருப்பீர்கள். யாரிடம் எது இருக்கிறது என்பது நமக்குள் ஓரளவு தெரியும். யாரிடம் கேட்டால் "அது இப்போது கைவசம் இல்லைத் தம்பி" என்ற பதில் வரும் என்பதும் தெரியும். அந்தப் பதிலை நானும் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆகவே உங்களைக் குற்றஞ்சாட்ட இதை எழுதவில்லை. நமக்குள் ஓர் ஒழுங்கு வேண்டும் என்று கேட்கவே எழுதுகிறேன்.

இதை எழுத வைத்தவர் தவில் பழகும் ஒரு பிள்ளை. போன மாசியில் வீட்டுக்கு வந்து, கைபேசியில் ஒரு தனித்தவிலைப் போட்டுக் காட்டினார். "ஐயா, இந்த இடத்தில் காலப்பிரமாணம் விழுந்து வேகம் தளர்கிறதே, இவ்வளவு பெரிய வித்துவானுக்கும் இப்படி நடக்குமா?" என்று கேட்டார். எனக்கு வியர்த்துவிட்டது. அந்தப் படி, அதாவது பிரதி, என் வீட்டில் எடுத்தது.

1993 ஆம் ஆண்டு, போர்க்காலம். குடாநாட்டில் மின்சாரம் இல்லை, பற்றரி கிடைப்பது குதிரைக்கொம்பு. ஓர் அண்ணரிடம் ஒரே ஓர் இரவுக்கு இரவல் வாங்கிய கசெற் அது. கையில் இருந்த நாலு பற்றரியையும் பதியும் பெட்டிக்குப் போட்டுவிட்டு, பாடும் பெட்டியைச் சைக்கிள் டைனமோவில் இணைத்தோம். சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, பின் சில்லு சுழல நான் ஏறி மிதித்தேன். ஒரு பக்கம் நாற்பத்தைந்து நிமிடம். அரை மணி கடந்ததும் தொடை இறுகியது, மிதி தளர்ந்தது. சுருதி மெல்ல இறங்கியது, தவிலின் நடையும் கூடவே இறங்கியது. தம்பி வந்து மாறி ஏறியதும் எல்லாம் நிமிர்ந்தது. அன்று அந்தக் கசெற்றின் உறையில் நான் எழுதியது "தனித்தவில், நன்று" என்ற இரண்டே சொற்கள். டைனமோவைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தால் போதும். எழுதவில்லை. என் கால் சோர்ந்தது, ஒரு மேதையின் லயக் குறையாக முப்பது ஆண்டுகள் கைமாறிக் கைமாறிப் போயிருக்கிறது. அவர் இன்று இல்லை. மறுக்க வரமாட்டார்.

இப்படி நடக்காமல் காக்க வழி உண்டு என்பதை நான் ஜாஸ் இசைப் பதிவுகளைச் சேகரிப்பவர்களிடமிருந்துதான் கற்றேன். சிற்றலை வானொலியில் வொய்ஸ் ஒவ் அமெரிக்கா நிலையத்தில் 1955 முதல் வில்லிஸ் கொனோவர் நடத்திய ஜாஸ் நிகழ்ச்சி என் இளமையில் இங்கேயும் எடுபடும். மற்ற நாட்டவருக்கும் விளங்கவேண்டும் என்று அவர் ஆங்கிலத்தை நிறுத்தி நிறுத்திப் பேசுவார். மேளச் சமா கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த இசை அந்நியமாகப் படவில்லை. ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் பிடித்து வளர்ப்பதும், எடுத்துக்கொண்ட மெட்டு மறைந்துபோய் எங்கோ வளைவில் திரும்பி வருவதும், ஒரே ஆள் ஒரே உருப்படியை இன்றைக்கு வாசித்ததுபோல நாளைக்கு வாசிக்காததும் நமக்குப் பழக்கமானவைதானே. அன்றன்றைக்குப் பிறக்கும் இசை. பதியாமல் விட்டால் போனதுதான். நல்ல ஒலிப்பதிவுக் கூடத்தில் எடுத்த இசைத்தட்டு வீட்டில் இருந்தாலும் ஜாஸ் அன்பர்கள் இரவு விடுதியில் யாரோ ஒருவர் பதிந்த இரைச்சல் நிறைந்த நாடாவைத் தேடி அலைவது இதனால்தான்.

பின்னாளில் ரொறன்ரோவில் இருக்கும் ஒரு நண்பர் அப்படியான ஒரு பதிவை இறுவட்டில் அனுப்பினார். இசையை விட அதற்குள் மடித்து வைத்திருந்த தாள்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. எந்த நகரம், எந்த நாள், மேடையில் இருந்த ஒவ்வொருவரின் பெயர், எந்த ஒலிவாங்கி, எந்தப் பெட்டி, மூல நாடாவில் இருந்து இது எத்தனையாவது படி, இடையில் எந்தக் கருவி வழியாக வந்தது, எங்கே நாடா புரட்டப்பட்டது எல்லாம் அதில் இருந்தன. இதை அவர்கள் பதிவின் வம்சாவளி என்கிறார்கள். அது இல்லாத பதிவை நல்ல சேகரிப்பாளர் கையால் தொடமாட்டார்.

அந்தத் தாளின் அடியில் இரண்டு வரிகள் இருந்தன. விற்கக்கூடாது. ஒலியைச் சுருக்கும் கோப்பாக மாற்றி மேலும் பரப்பக்கூடாது. ஒலிநாடாக் காலத்திலும் அவர்கள் இப்படித்தான் நடந்தார்கள். கேட்பவர் வெற்று நாடாவும் தபால் செலவும் அனுப்புவார், வைத்திருப்பவர் படியெடுத்துக் கொடுப்பார், அதற்கு மேல் ஒரு சதம் கைமாறாது. கடையில் முறையாக விலைக்குக் கிடைக்கும் பதிவைப் பகிரவே கூடாது, அது கலைஞர் வாயில் இருந்து பிடுங்குவது. கலைஞரோ அவருடைய குடும்பமோ வேண்டாம் என்றால் அதற்குமேல் பேச்சில்லை. இதே அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இத்தகைய நாடாக்களைத் தட்டாக அடித்துக் கலைஞருக்கு எதுவும் கொடுக்காமல் விற்றவர்கள் ஏராளம். அவர்களிடமிருந்து தங்களைப் பிரித்துக் காட்டவே பண்புள்ள சேகரிப்பாளர்கள் இந்த ஒழுங்கை இறுகப் பிடித்தார்கள்.

இந்த விடயத்தில் டீன் பெனடெட்டியின் கதையை உங்களுக்குச் சொல்ல வேண்டும். அவர் ஒரு சாக்ஸபோன் கலைஞர். அதே கருவியில் ஜாஸ் மேதையான சார்லி பார்க்கரின் வாசிப்பில் கிறங்கி 1947 இலும் 1948 இலும் விடுதி விடுதியாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பதிந்தார். தட்டும் நாடாவும் விலை கூடிய பொருட்கள். ஆகவே பார்க்கர் தனியாக வாசிக்கும் இடங்களை மட்டும் பிடித்தார், மற்றவர் வாசிக்கத் தொடங்கியதும் பெட்டியை நிறுத்தினார். பெனடெட்டி 1957 இல் இறந்தார். அந்தப் பதிவுகள் முழுமையாக வெளிவந்தது 1990 இல்தான். அவர் இல்லாவிட்டால் பார்க்கரின் அந்த இரவுகள் ஒன்றுமே எஞ்சியிருக்காது, அதற்கு உலகம் அவருக்குக் கடன்பட்டிருக்கிறது. ஆனால் பார்க்கருக்குப் பக்கத்தில் நின்றவர்கள் என்ன வாசித்தார்கள், எந்தச் சொல்லுக்கு அவர் மறுமொழி சொன்னார் என்பதை இனி யாராலும் மீட்க முடியாது.

நம்மில் எத்தனை பேர் இதையே செய்திருக்கிறோம்! பெரியவர் தவிலுக்கு வரும்வரை நாடாவை மிச்சம் பிடித்தோம். கூட்டுமேளத்தில் இரண்டாவது தவில் வாசித்த பையன் பின்னாளில் பெரிய வித்துவான் ஆனார், அவர் அன்று வாசித்தது நம்மிடம் இல்லை. உறைகளில் ஒரு பெயர்தான் இருக்கும். நாலு தவில் இருந்த மேடையில் மூன்று பேர் பெயரற்றவர்கள். சுருதிக்கு ஒத்து ஊதியவர், தாளம் போட்டவர் பெயரை எந்த உறையிலும் நான் இதுவரை காணவில்லை. விடியவிடியத் தாளம் பிசகாமல் நின்ற மனிதருக்கு ஒரு வரி எழுத நமக்கு மை போதாமல் போனது எப்படி? அந்த மேடைகளுக்கு யார் யார் வந்தார்கள் என்று சொல்லக்கூடிய முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் இந்த மாதமே போய் உட்கார வேண்டும்.

வெட்டுவது மட்டும் அல்ல, கழுவுவதும் நடக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு பூங்காவனத் திருவிழாப் பதிவை ஒருவர் இரைச்சல் நீக்குகிறேன் என்று கணினியில் போட்டுக் கழுவி, தொடக்கத்திலும் நடுவிலும் தன் பெயரைக் குரலாகச் சொருகி, இறுவட்டாக விற்றார். தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் கூடு போட்ட விரல்கள் விழும்போது எழும் அந்தக் கணீர் ஒலி இரைச்சலோடு சேர்ந்து போய்விட்டது. சனத்தின் ஆரவாரம் போய்விட்டது. வாசிப்பை முடித்து வைக்கும் ஒரு தீர்மானத்தின் கடைசி அறுதிக்கு மேலேயே அவருடைய பெயர் ஒலிக்கிறது. மூல நாடாவை வைத்திருந்தவரிடம் அதன் பின் நான் கேட்டபோது, அதன்மேல் வேறு பாட்டுப் பதிந்துவிட்டதாகச் சொன்னார்.

சட்டத்தைப் பற்றியும் மறைக்காமல் பேசுவோம். இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் மேடையில் வாசிக்கும் கலைஞருக்கும் உரிமை கொடுக்கிறது. அவருடைய இணக்கம் இல்லாமல் அந்த வாசிப்பைப் பதிவதும் அந்தப் பதிவைப் படியெடுப்பதும் உரிமை மீறல். பாதுகாப்பு ஐம்பது ஆண்டுகள். விற்கவில்லை, சும்மாதானே கொடுக்கிறேன் என்பது அதற்கு முழுப் பதில் ஆகாது. அமெரிக்காவிலும் 1994 முதல் அனுமதியற்ற நேரடிப் பதிவுகளுக்கு எதிராகத் தனிச் சட்டம் இருக்கிறது. ஜாஸ் சேகரிப்பாளர்களின் ஒழுங்கு சட்டத்தின் அனுமதி அல்ல, கலைஞருக்குக் கொடுக்கும் மரியாதை. நம் கோயில்களிலோ ஒலிபெருக்கிக்காரரின் அம்பிளிபயரில் இருந்து வயர் இழுத்துப் பதிந்தோமே தவிர, மேளகாரரிடம் போய் "ஐயா, பதியலாமா?" என்று கேட்டவர் மிகக் குறைவு. உபயகாரர் பணம் கொடுத்துப் பிடித்த மேளம், ஆகவே வாசித்ததெல்லாம் ஊருக்குச் சொந்தம் என்ற எண்ணம் நமக்கு இருந்தது. அந்த எண்ணம் பிழையானது. சம்பாவனை அன்றைய இரவுக்குக் கொடுத்தது.

இணுவிலில் 1933 இல் பிறந்த தவில் மேதை தட்சிணாமூர்த்தி 1975 இல் மறைந்தார். அவரை நேரில் கேட்கும் பேறு எனக்கு இல்லை. எனக்கு அவர் என்றால் ஒலிநாடாதான். அவருடைய காலத்துப் பதிவுகளுக்கு ஆண்டுக் கணக்குப் பார்த்து உரிமை முடிந்ததென்று யாராவது வாதிடலாம். முடிந்திருந்தாலும் ஒரு கலைஞரின் வீட்டுப் படலையைத் தட்டிச் சொல்லாமல் அவருடைய வாசிப்பைப் பரப்புவது முறையல்ல என்பதே என் நிலைப்பாடு. முதல் பிரதி அந்த வீட்டுக்குப் போக வேண்டும். ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜோன் கோல்ட்ரேன் 1958 இல் பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க்குடன் வாசித்த ஒரு விடுதி இரவை அவருடைய மனைவி நைமாதான் சிறிய பெட்டியில் பதிந்தார், அது 1993 இல் வெளிவந்தது. ஒலி மங்கல்தான், ஆனால் பதிந்தது வீட்டுக் கை. நம் மேளகாரர் வீடுகளில் தந்தையின் வாசிப்பு ஒன்றுகூட இல்லாமல் பிள்ளைகள் இருக்கிறார்கள். அது நம் அலுமாரியில் இருக்கிறது.

பூட்டி வைத்தால் பாதுகாப்பு என்று நினைப்பவர்களுக்கு போரில் ஊரே இடம்பெயர்ந்த 1995 ஒக்ரோபர் 30 ஐ நினைவூட்டத் தேவையில்லை. நான் பிஸ்கட் ரின் ஒன்றில் இருபத்தொரு கசெற்றுகளை எடுத்துக்கொண்டு அந்த இரவு சாவகச்சேரிப் பக்கம் நடந்தேன். மிச்சத்தை வீட்டில் விட்டேன். அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது கூரை ஓடு இல்லாத அறையில் அவை நனைந்து, நாடாவில் வெள்ளையாய்ப் பூஞ்சணம் பிடித்துக் கிடந்தன. ஒரே ஒரு படி வேறொருவர் கையில் இருந்திருந்தால்! தப்பியவையும் என்றும் இருக்கப்போவதில்லை. நூற்றிருபது நிமிடக் கசெற்றின் நாடா மெல்லியது, இழுபட்டுச் சிக்கும். அழுத்துப் பஞ்சு உதிரும். அதை ஓட்டும் பெட்டியைத் திருத்தத் தெரிந்தவர்களும் குறைந்து வருகிறார்கள்.

நல்ல காப்பகம் என்ன செய்யும் என்பதற்கும் ஜாஸ் உலகில் ஒரு சம்பவம் உண்டு. அதே மங்க்கும் கோல்ட்ரேனும் 1957 நவம்பர் 29 அன்று கார்னகி மண்டபத்தில் வாசித்ததை வொய்ஸ் ஒவ் அமெரிக்கா பதிந்தது. நாடா அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் கிடந்து 2005 இல் கண்டெடுக்கப்பட்டது. வழிகாட்டியது பெட்டியில் கையால் எழுதியிருந்த சிறு குறிப்பு. நம்முடையதோ நூலகம் எரிக்கப்பட்ட ஊர். ஆனாலும் 2005 முதல் நூலக நிறுவனம் நம்மவர் ஆவணங்களை எண்ணிம வடிவில் சேர்த்து வருகிறது. அவர்களைப் போன்றவர்களிடம் ஒரு படி இருக்கட்டும். குடும்பம் சம்மதித்தால் எல்லோரும் கேட்கட்டும், சம்மதிக்கும்வரை காப்பகத்திலேயே இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்பி நசுக்காமல், இழப்பில்லாத கோப்பாக, நாடா முழுவதும், வெட்டாமல், கழுவாமல்.

யாராவது தொடங்கட்டும் என்று காத்திருக்க எனக்கு வயது இல்லை. என்னிடம் இப்போது இருப்பவை நாற்பத்து மூன்று கசெற்றுகள். வைகாசி முடிவதற்குள் அவற்றில் உள்ள கலைஞர்களின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போகிறேன். உங்களில் யாருக்காவது நாடா ஓட்டும் பெட்டி தேவையென்றால் என்னுடையது இருக்கிறது, கொண்டு வருகிறேன். உங்கள் நாடா உங்கள் கண்முன்னேயே ஓடும், உங்கள் கையிலேயே திரும்பி வரும்.

முதலாவது கசெற்றுக்கு எழுதிய தாளை இங்கே தருகிறேன். எப்படி எழுதுவது என்று கேட்பவர்களுக்கு உதவக்கூடும்.

"கோயில் வெளிவீதி, இரவுத் திருவிழா. தனித்தவில். ஆண்டு தெரியவில்லை. இரண்டாவது தவில், தாளம்: பெயர் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். பதிந்தவர்: ஒலிபெருக்கி நடத்தியவர். இது மூன்றாவது படி, 1993 இல் எடுத்தது. பாடும் பெட்டி சைக்கிள் டைனமோவில் ஓடியது. 31 ஆவது நிமிடத்தில் இருந்து 38 வரை கேட்கும் தளர்வு மிதித்தவனுடையது, வித்துவானுடையது அல்ல."

இப்படிக்கு,
இணுவிலில் இருந்து உங்களில் ஒருவன்