கொலைக்குப் பிறகும் கதை இருக்கிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஊர் ஒப்பாத திருமணத்தையும் அதனால் விளைந்த ஆணவக்கொலையையும் சொல்லும் திரைப்படம் ஒன்றைச் சென்ற வாரம் உறவினர்களோடு பார்த்தேன். நடிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், மீசையை முறுக்கிக்கொண்டு அரிவாளோடு அலையும் தந்தையைத் திரையில் கண்டவர்கள், "நம்ம பக்கமெல்லாம் இப்படி இல்லீங்க" என்று நிம்மதியாகப் பேசியபடி வெளியே வந்தது என்னை உறங்கவிடவில்லை.

நம் பக்கம் எப்படி என்பதை நான் அறிவேன். என் சித்தப்பா மகள், உடன் படித்த வேறு சாதி இளைஞரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டபோது, வீட்டில் ஒருவரும் குரலை உயர்த்தவில்லை. ஒறம்பரையில், அதாவது உறவினர்களில், மூத்தவர்கள் திண்ணையில் அமர்ந்து, 'வாங்க, போங்க' என்ற மரியாதை சிறிதும் குறையாமல், உயிரோடிருக்கும் அவளுக்குக் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி அடிப்பதென்று முடிவு செய்தார்கள். பிறகு அவளுடைய தம்பியின் கல்யாணத்தில், எங்கள் கொங்குப் பகுதியில் மணமகனுக்கு உடன்பிறந்தவள் செய்யும் இணைச்சீர்ச் சடங்குக்கு வேறொரு பெண்ணை நிறுத்தினார்கள். நானும் அந்தத் திண்ணையில் வாய் திறவாமல் உட்கார்ந்திருந்தேன். கத்தி எடுப்பவனுக்குத் துணிவு தருவது இத்தகைய திண்ணைகள்தாம் என்று இன்று உறுதியாக நம்புகிறேன். படத்தில் அது ஒரு காட்சியாகக்கூட இல்லை.

படம் கொலையோடு முடிந்தும் விடுகிறது. நிஜத்தில் கதை அங்கே முடிவதில்லை. 2015 ஜூனில் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலுக்குத் தோழியோடு சென்ற பட்டியலின இளைஞர், மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். முக்கியச் சாட்சி முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லிப் பிறழ்சாட்சியானார். நாமக்கல்லில் நடந்த வழக்கு மதுரைக்கு மாற்றப்பட்டது. ஆணும் பெண்ணும் ஓருடலாய் நிற்கும் அந்தக் கோயிலின் கண்காணிப்புக் கேமராப் பதிவுதான் வழக்கைத் தாங்கிப் பிடித்தது. மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதிகள் கோயிலுக்கே நேரில் வந்து பார்த்தார்கள். 2022 மார்ச்சில் 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. முதன்மைக் குற்றவாளியின் தண்டனையை 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. மகனைப் பறிகொடுத்த தாய் எட்டு ஆண்டுகள் நீதிமன்றப் படியேறினார். உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச் 13 அன்று பட்டப்பகலில் கணவரை வெட்டக் கண்ட இளம் மனைவியோ, தன்னைப் பெற்ற தந்தைக்கு எதிராகவே சாட்சிக் கூண்டில் நின்றார். 2020இல் உயர் நீதிமன்றம் அந்தத் தந்தையை விடுவித்ததையும் தாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. இதைவிடக் கனமான நாடகத்தை எந்த இயக்குநர் தேடுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

சாதி மறுத்து மணப்பவர்களைக் காக்க மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு அமைய வேண்டும், அவர்கள் தங்கப் பாதுகாப்பு இல்லம் அமைப்பதையும் அரசுகள் பரிசீலிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 27 அன்று வழிகாட்டியது. ஓடிவரும் இருவரும் பேருந்து நிலையத்தில் நடுங்கி நிற்கும் காட்சி படத்தில் நெடுநேரம் வருகிறது. அவர்கள் யாரிடம் போகலாம் என்பதை மட்டும் ஒருவரும் சொல்வதில்லை.

எனவே ஒரு வேண்டுகோள். இத்தகைய படங்களுக்குத் தாங்கள் விமர்சனம் வெளியிடும் நாளில், அதே பக்கத்தில், ஈரோடு, திருப்பூர், நாமக்கல், கோவை, கரூர் மாவட்டங்களில் உதவி கோரி அழைக்க வேண்டிய எண்களையும் அச்சிடுங்கள். பதிவு அலுவலகத்துக்குப் புறப்பட்ட காலையில் என் தங்கையின் கையில் அப்படி ஓர் எண் இருக்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கோபிசெட்டிபாளையம்.