மலையகத்துக்கும் இப்படி ஒரு தொடர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கொரியத் தொடர்களைப் பார்த்து, இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று அண்மையில் உங்கள் வாசகர் பகுதியில் ஒருவர் எழுதியிருந்தார். அதிலும் ‘மூவிங்’ தொடரைப் பெயர் சொல்லி, பறப்பதையும் அடிதடியையும் தவிர அதில் என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தார். முழுவதையும் பார்த்த ஓர் ஆசிரியையாக அவருக்குப் பதில் சொல்ல விரும்புகிறேன்.

2023 ஆகஸ்ட்டில் டிஸ்னி பிளஸ்ஸில் தொடங்கிய தொடர் அது. மொத்தம் 20 பகுதிகள். காங் ஃபுல் என்பவர் இணையத்தில் தாம் வரைந்த சித்திரக்கதைக்குத் தாமே திரைக்கதையும் எழுதினார். பொங்-சோக் என்ற பையனுக்குப் பறக்க வரும். அவன் தாய்க்கு வெகுதூரத்துச் சத்தமும் காதில் விழும். ஹீ-சூ என்ற பெண்பிள்ளைக்கும் அவள் அப்பாவுக்கும் எப்பேர்ப்பட்ட காயமும் தானாக ஆறிவிடும். காங்-ஹூனும் அவன் அப்பாவும் அசாத்திய பலசாலிகள். இத்தனை சக்தியையும் வைத்துக்கொண்டு அந்தப் பெற்றோர் என்ன செய்கிறார்கள்? ஒருத்தி சாப்பாட்டுக்கடை நடத்துகிறாள். ஒருவர் கோழி பொரித்து விற்கிறார். மற்றவர் சிறிய பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். அரசாங்கத்தின் உளவுத்துறை இப்படிப்பட்டவர்களின் சக்தியை வேண்டிய மட்டும் பிழிந்தெடுத்த கதை பின்னால் தெரியவருகிறது. பிள்ளைகளையும் அதே வேலைக்கு இழுத்துவிடக்கூடாது என்றுதான் ஒளிந்து வாழ்கிறார்கள். அப்படியும் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடமே ஆள்பிடிக்கும் இடமாக இருக்கிறது.

பொங்-சோக்குக்கு மனம் துள்ளினால் போதும், கால் நிலத்தை விட்டு எழும்பிவிடும். அதற்காக அவன் தாய் வயிறு நிறைய நிறையச் சோறு போட்டு உடம்பைக் கனக்க வைக்கிறாள். காலில் மணல்பை, முதுகில் பாரமான பை. பறக்கப் பிறந்த பிள்ளையைப் பெற்றவளே பாரம் கட்டி நடக்கவைக்கிறாள். அவளைக் கொடுமைக்காரியாகக் காட்டாமல், அவள் பயத்தை நமக்குப் புரியவைத்ததில்தான் இந்தத் தொடரின் உயரம் இருக்கிறது.

இந்தப் பயம் மலையகத்துக்குப் புதிதா? தேயிலைக் கொழுந்து எடுப்பதில் கை சுறுக்கான தாய்மாரை எனக்குத் தெரியும். பக்கத்து நிரைக்காரி பாதி போவதற்குள் இவர்கள் நிரை முடிந்திருக்கும். ஆனால் மகளைக் கொழுந்து எடுக்கப் பழக மட்டும் விடமாட்டார்கள். மகளுக்கும் அந்தக் கை வாய்த்திருக்கிறது என்று தெரிந்தால், ஞாயிற்றுக்கிழமை கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கத் தோட்டத்தில் கூப்பிடுவார்கள். பிறகு பள்ளி நாளிலும் கூப்பிடுவார்கள். பத்தாம் ஆண்டோடு பிள்ளையின் பேர் தோட்டத்து வேலையாள் பதிவேடான செக்ரோலில் ஏறிவிடும். அதனால் தாய் தன் கைத்திறனைப் பற்றி வீட்டில் வாயே திறப்பதில்லை. அம்மாவுக்கு என்ன தெரியும் என்று மகள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

தொடரில் முதல் ஏழு பகுதிகளும் பெரும்பாலும் பிள்ளைகளின் கதை. எட்டாவதிலிருந்து கதை பெற்றோரின் இளமைக்குத் திரும்பி, பல பகுதிகளுக்கு அங்கேயே தங்கிவிடுகிறது. அவசரமே இல்லை. கோழிக்கடைக்காரர் எப்படிக் காதலித்தார், பலசரக்குக் கடைக்காரர் எந்தத் தெருவில் எதற்காகச் சண்டை போட்டார் என்றெல்லாம் நின்று சொல்கிறார்கள். எதிரிகளாக வடகொரியாவிலிருந்து வருகிறவர்களுக்குக்கூட ஊரும் உறவும் தந்திருக்கிறார்கள். அவர்களையும் அவர்களுடைய அரசு பிடித்துக்கொண்டு வந்ததுதான்.

நம் பிள்ளைகளுக்கு இப்படி யார் நின்று சொன்னார்கள்? இலங்கையின் 1948ஆம் ஆண்டுச் சட்டம் நம் மக்களின் குடியுரிமையைப் பறித்த பிறகு, இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 ஒப்பந்தம் இந்தியாவுக்கு யார் போவது இங்கே யார் இருப்பது என்று குடும்பங்களைப் பிரித்த பிறகு, இங்கே மிஞ்சியவர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்பதை நம் வீட்டுப் பெரியவர்கள் பேசுவதே குறைவு. ‘மூவிங்’ வெளியான அதே ஆகஸ்ட்டில்தான் மலையக மக்கள் இந்தியாவிலிருந்து வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைத்து தலைமன்னாரிலிருந்து கிளம்பிய நடைபயணம் மாத்தளைக்குப் போய்ச் சேர்ந்தது. முன்னோர் நடந்த வழி அது. அந்த வழியின் கதையை வாரக்கணக்கில் விரித்துச் சொல்லும் ஒரு தொலைக்காட்சித் தொடரை என் மாணவர்கள் கண்டதில்லை. மாலையில் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பெட்டியைத் திறந்தால், ஆண்டுக்கணக்காக முடியாத இந்தியத் தொடர்களில் மாமியாரும் மருமகளும் ஒருவரையொருவர் கவிழ்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதைப் பற்றி யாரும் கடிதம் எழுதுவதில்லை.

சக்தியுள்ள குடும்பத்தின் கதை கொரியாவிலிருந்துதான் வரவேண்டும் என்றுமில்லை. பொன்னர் சங்கர் கூத்தை விடிய விடியப் பார்த்த மண் இது. வரப்போவதைக் கனவில் காணும் தங்காளும், அவளுடைய வீர அண்ணன்மாரான பொன்னரும் சங்கரும் ஒரு குடும்பம்தானே? படுகளத்தில் விழுந்தவர்களை எழுப்பும் இடத்தில் தோட்டமே கண்ணீர் விட்டு அழும். மாசியில் காமன் கூத்தில் மன்மதன் எரிந்து எழும்புவதையும் நாம் கதையென்று ஒதுக்கியதில்லை.

வாசகர் சொன்னதில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ‘மூவிங்’கில் இரத்தம் அதிகம், சிறு பிள்ளைகளைத் தனியே பார்க்கவிடக்கூடாது. உயர்தரம் (12, 13ஆம் ஆண்டு) படிக்கும் வயதென்றால் பெற்றோரும் கூட உட்கார்ந்து பார்க்கலாம். எட்டாம் பகுதிக்குப் பிறகு பேச நிறைய இருக்கும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். மலையக இளைஞர்களுக்காக ஒரு தொடர்கதைப் போட்டி வையுங்கள்: அதிசய சக்தியுள்ள ஒரு தோட்டத்துக் குடும்பம், அவர்கள் அதை ஏன் மறைக்கிறார்கள் என்பதே பொருளாக இருக்கட்டும். நடுவர்களில் கட்டாயம் ஒரு கூத்து மாஸ்டரும் இருக்கவேண்டும். தேர்ந்த கதையை இங்குள்ள தமிழ்த் தொலைக்காட்சிகளிடம் நீங்களே கொண்டுபோய்க் கொடுத்தால் மறுக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன். எழுதக்கூடிய பிள்ளைகள் என் வகுப்பிலேயே இருக்கிறார்கள். முதல் கட்டுக் கதைகளை நானே சேர்த்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை,
பொகவந்தலாவை.