அஞ்சலை என்றுதான் பெயர் வைத்திருக்கிறோம்

சார்செல், பிரான்ஸ்

அன்புள்ள அம்மாவுக்கு,

நானும் குழந்தையும் நலம். தையல் ஆறிவிட்டது. அவள் நன்றாகப் பால் குடிக்கிறாள், பகலெல்லாம் தூங்கிவிட்டு ராத்திரியில் கொட்டக் கொட்ட விழித்திருக்கிறாள். போனில் பெயரைச் சொன்னதும் நீ ஒன்றும் பேசாமல் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டாய். இதை வாட்ஸப்பில் சொல்லி முடிக்க முடியாது, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். அஞ்சலைதான் அம்மா. அப்பாவைப் பெற்ற ஆயாவின் பெயர்தான். மாற்றுவதாக இல்லை.

முதலில், உங்களைக் கேட்காமல் ஏன் அவசரப்பட்டோம் என்று நினைத்திருப்பாய். நம்மூரில் 21 நாளுக்குள் பிறப்பைப் பதிந்தால் போதும், பெயரை ஒரு வருடத்துக்குள் சேர்த்துக்கொள்ளலாம். இங்கே பிறந்த நாளை விட்டு 5 நாளுக்குள் மேரி என்கிற நகராட்சி அலுவலகத்துக்குப் போய்ப் பெயரோடு பதிந்துவிட வேண்டும். தவறினால் கோர்ட்டு வரை இழுக்கும். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மேரி கட்டடம் இருந்ததே, 2014 மழையில் இடிந்து விழுந்து, மறுபடி அதே அச்சில் கட்டினார்களே, அது அந்தக் காலத்து நகராட்சி அலுவலகம். இங்கே ஒவ்வொரு ஊருக்கும் ஒரு மேரி உண்டு. தொட்டில் போட்டு, பெரியவர்களை உட்கார வைத்துக் காதில் மூன்று முறை பெயர் சொல்ல எல்லாம் நேரமே கிடையாது.

பெயர் வைக்கிற உரிமையும் இங்கே லேசில் வந்துவிடவில்லை. காலண்டரில் இருக்கும் புனிதர் பெயர், பழைய சரித்திரத்தில் வரும் பெயர், இவ்வளவுதான் வைக்கலாம் என்று 1803-இல் சட்டம் போட்டார்கள். அது மெல்ல மெல்லத் தளர்ந்து, 1993-இல்தான் பெற்றோர் விருப்பம் என்று ஆனது. இப்போதும் குழந்தைக்குக் கேடாக முடியும் பெயர் என்று பதிகிறவருக்குத் தோன்றினால் அரசு வழக்கறிஞருக்குத் தெரிவிக்கலாம். அஞ்சலைக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

என் நாத்தனார்தான் ஆன்ழெல் என்று வைக்கலாமே, காதுக்குக் கிட்டத்தட்ட அதுதானே என்றாள். அப்புறம், அஞ்சலி என்றாவது வையுங்கள் என்றாள். அஞ்சலி அழகான பெயர்தான், ஆனால் அது கைகூப்புவது. நமக்கு அது வேறு பெயர். ஆன்ழெல் என்றால் தேவதை, அதுவும் வேறு. உன் மாப்பிள்ளை வீட்டுக் குடும்பப் பெயர் ஏற்கெனவே பிரெஞ்சுப் பெயர். 1881-இல் வந்த ஆணைப்படி நம் வழக்கத்தை விட்டுப் பிரெஞ்சுச் சட்டத்துக்கு மாறிய புதுச்சேரிக்காரர்கள் ஒரு குடும்பப் பெயர் எடுத்துக்கொண்டார்கள். வக்கீல் பொன்னுத்தம்பி பிள்ளை லாப்போர்த் ஆனார், இவர்கள் வீட்டுப் பெரியவரும் அப்படி ஒன்றை எடுத்துக்கொண்டார். பின்னால் வருவது பிரெஞ்சு, முன்னால் வருவதாவது நம் கடலூர்க் கெடில ஆற்றங்கரைப் பெயராக இருக்கட்டும் என்று உன் மாப்பிள்ளையே சொன்னார். நான் கேட்டு அவர் சம்மதித்தார் என்று நினைக்காதே.

ஆஸ்பத்திரியில் குழந்தையின் கைப்பட்டையில் எழுதுவதற்கு நர்ஸ் பெயர் கேட்டார். நான் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, கையில் வைத்திருந்த பேனாவால் சின்னச் சின்னதாக எழுதினார். எழுதி முடித்து "ஆன்ஷலே" என்று வாசித்தார். கடைசி எழுத்து இவர்கள் வாயில் ஏகாரமாகிவிடுகிறது. நான் 'லை, லை' என்று சொல்லிக் கொடுக்க, அவரும் குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லிப் பார்த்தார். கடைசியில் சரியாக வந்தது. என்ன அர்த்தம் என்று கேட்டார். பயப்படாதே என்று அர்த்தம் என்றேன்.

தாத்தா அப்படித்தான் சொல்வார், உனக்கும் ஞாபகம் இருக்கும். கம்பராமாயணத்தில் அனுமன் இராவணனைப் பார்த்து "அஞ்சலை அரக்க" என்கிறான், அஞ்சாதே அரக்கனே என்று. அப்பர் சுவாமிகள் மேல் யானையை ஏவினபோது அவர் பாடிய பதிகம் நம் திருவதிகைப் பதிகம். "அஞ்சுவது யாதொன்றும் இல்லை, அஞ்ச வருவதும் இல்லை" என்று பாட்டுக்குப் பாட்டு முடியும், கெடிலமும் அதில் ஓடும். இந்த மண்ணில் பெண்பிள்ளைக்கு இதைவிட என்ன பெயர் வைப்பது?

பழைய பெயர், சினிமாவில் பாத்திரம் தேய்க்கிற பெண்ணுக்கு வைக்கிற பெயர் என்று நீ நினைப்பது எனக்குத் தெரியும். முதுநகரில், தேவனாம்பட்டினத்தில், பண்ருட்டிப் பக்கம் எங்கே போனாலும் தெருவுக்கு ஒரு அஞ்சலை இருந்தார்கள், எல்லாரும் வயதானவர்கள். என் வகுப்பில் அஞ்சலி உண்டு, அஞ்சலை ஒருத்திகூடக் கிடையாது. அது பெயரின் குற்றமா? வீட்டு வேலை செய்தவர்களும் வயலில் நின்றவர்களும் வைத்துக்கொண்ட பெயர் என்பதாலேயே அது தாழ்ந்துவிடுமா? எனக்கு இதில் கோபமே வருகிறது. இங்கே பார், நூறு வருடத்துக்கு முன்னால் பாட்டிமார்களுக்கு வைத்த லூயிஸ், ழான், ரோஸ் எல்லாம் திரும்ப வந்துவிட்டன. இப்போது பிறக்கும் பெண்களுக்கு அதிகம் வைக்கும் பெயர்களில் லூயிஸ் முன்வரிசையில் இருக்கிறது. பாட்டி பெயர் என்று யாரும் முகம் சுளிப்பதில்லை, அதற்காகத்தான் வைக்கிறார்கள்.

நம் முதுநகர் அஞ்சலை அம்மாளை நினைத்துக்கொள். 1890-இல் பிறந்தவர். 1857 கிளர்ச்சியைக் கொடூரமாக அடக்கிய ஆங்கிலேய அதிகாரி நீலின் சிலையைச் சென்னையில் எடுக்கச் சொல்லி 1927-இல் நடந்த போராட்டத்தில் கணவரோடும் ஒன்பது வயது மகளோடும் சேர்ந்து சிறைக்குப் போனவர். பின்னால் ஒரு தடவை கர்ப்பிணியாகச் சிறையில் இருந்து, பிரசவத்துக்கு வெளியே வந்து, கைக்குழந்தையோடு திரும்பவும் சிறைக்குள் போனார். அந்தப் பிள்ளைக்கு ஜெயில் வீரன் என்றே பெயர். நான் பெற்று இரண்டு நாள் கட்டிலை விட்டு இறங்க முடியாமல் படுத்திருந்தபோது இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எப்படி முடிந்தது அவரால்? காந்தி அவரைத் தென்னாட்டு ஜான்சி ராணி என்றார். அந்த ஒன்பது வயது மகளின் பெயர் அம்மாக்கண்ணு. காந்திதான் அவளுக்கு லீலாவதி என்று பெயர் மாற்றி வார்தா ஆசிரமத்துக்கு அழைத்துப் போனார். லீலாவதியும் நல்ல பெயர்தான். ஆனாலும் எனக்கு அம்மாக்கண்ணுதான் பிடித்திருக்கிறது.

உன் உண்மையான சங்கடம் வேறு என்று அப்பா சொன்னார். இத்தனை வருடத்தில் மாமியார் பெயரை நீ வாயால் சொன்னதே இல்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட அப்பாவைச் சொல்லச் சொல்வாய். பேத்தியை எப்படி அந்தப் பெயர் சொல்லி அதட்டுவது, என்பதுதானே? அதட்ட வேண்டாம். நீ அம்மாக்கண்ணு என்று கூப்பிடு. நாங்கள் அஞ்சலை என்கிறோம், பள்ளிக்கூடத்தில் அவர்கள் வாய்க்கு வந்தபடி சொல்லட்டும், இவளே திருத்திக்கொள்வாள்.

அப்பாவைப் பாடலீஸ்வரர் கோயிலில் இவள் பெயருக்கு ஓர் அர்ச்சனை செய்யச் சொல். பெயரை அவரே சொல்லட்டும். வசம்பு, ஜாதிக்காய் எல்லாம் பாரிஸில் லா ஷபெல் பக்கம் நம் கடைகளில் கிடைக்கிறது, அதைச் சுமந்து வராதே. பழைய வேட்டித் துணி மட்டும் நிறையக் கொண்டுவா. நீ வந்து தங்குவதற்கு இங்கே மேரியில் ஒரு சான்று வாங்க வேண்டும், அது இருந்தால்தான் விசா கேட்க முடியும். உன் பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தைப் போட்டோ எடுத்து இந்த வாரமே அனுப்பு.

உன் மகள்