9 நாளை 13 நாளாக்குங்கள்: நம் தேவாலயப் பங்கின் திருப்பயணக் குழுவினருக்கு

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

போன ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்ததும் நீங்கள் கொடுத்த அட்டவணையைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஏப்ரலில் போர்த்துகலின் போர்த்தோவிலிருந்து கடலோரமாக, ஸ்பெயினில் சந்தியாகப்பர் (புனித யாக்கோபு) கல்லறை இருக்கும் சந்தியாகோவுக்கு 9 நாளில் நடப்பதாகப் போட்டிருக்கிறீர்கள். ஏறத்தாழ 280 கிலோமீட்டர். நாளுக்கு 31. தயவுசெய்து இதை 13 நாளாக்குங்கள்.

என் அம்மாவுக்கு 66 வயது. முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவர். ஐந்து மாதமாக விடியற்காலையில் ஐந்து கிலோ அரிசியை முதுகுப்பையில் வைத்துக்கொண்டு சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் நடக்கிறார். 20 கிலோமீட்டர் நடந்துவிட்டு வந்து சமையலும் செய்வார். உங்கள் அட்டவணை வந்த பிறகு, 31 முடிகிறதா பார்க்கலாம் என்று யாரிடமும் சொல்லாமல் புதன்கிழமை கிளம்பியிருக்கிறார். காலை பதினொரு மணிக்கு எனக்குப் போன் வந்தது. உணவங்காடி நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். 24 கிலோமீட்டரில் இடது முழங்கால் பிடித்துக்கொண்டது. காலுறையைக் கழற்றினால் கட்டைவிரல் தோலும் ஒட்டிக்கொண்டு வந்தது. டாக்சியில் ஒன்றும் பேசவில்லை. வீட்டு வாசலில்தான் சொன்னார்: "என் பேரை அடிச்சிடச் சொல்லு. மத்தவங்களுக்கு நான் பாரமா இருக்கக் கூடாது."

இளவயதில் தஞ்சாவூரிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்தே போனவர் அவர்.

முடியாதவர்கள் வழியில் ஸ்பெயினிலுள்ள விகோ நகரில் வந்து சேரலாம், அங்கிருந்து சந்தியாகோவுக்கு 100 கிலோமீட்டர்தான், திருப்பயணச் சான்றிதழும் கிடைக்கும் என்கிறீர்கள். கிடைக்கும், சரி. ஆனால் விகோவைத் தாண்டி ரெதொந்தேலா என்ற ஊரில் பாதை, கடலை விட்டு உள்ளே போகும் பாதையோடு சேர்ந்துவிடுகிறதே! போர்த்தோவுக்கு வடக்கே மணல்மேட்டுப் பலகைப் பாதை, ஓயா, பயோனா என்ற கடலோர ஊர்கள், அலை சத்தம் எல்லாம் அதற்கு முன்னாலேயே முடிந்துவிடும். கடலோரமாக நடக்கத்தான் அம்மா பெயர் கொடுத்தார், தாளுக்காக அல்ல.

நாள் கூடினால் விடுப்பு கிடைக்காது என்பது உங்கள் கவலை. அப்படியானால் விடுப்பு இல்லாத இளையவர்கள் விகோவில் வந்து சேரட்டும். கடைசி ஐந்து நாள் எல்லாரும் சேர்ந்தே நடக்கலாம். 31 கிலோமீட்டர் அட்டவணையில் ஒரு நாள் தவறினால் ஈடுகட்ட இடமே இல்லை. போர்த்துகல் எல்லையிலுள்ள காமின்யாவில் மின்யோ ஆற்றைப் படகில் கடக்க வேண்டும். வானிலை மோசமானால் படகு ஓடாது. ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஸ்பெயினின் கலீசியாவில் ஏப்ரல் மழையும் சாதாரணம். ஈரக் காலுறையோடு 31 கிலோமீட்டர் என்றால் இருபது வயதுக்காரருக்கும் கொப்புளம் வரும்.

திருவிழாவுக்குச் சமைப்பதும் பூத்தொடுப்பதும் நவநாள் முழுக்க முட்டி போட்டுச் செபிப்பதும் யார்? இந்தப் பெரியவர்கள்தானே. முடிவெடுக்கும் கூட்டத்துக்கு மட்டும் அவர்களை ஏன் ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை? சந்தியாகப்பரைப் பார்க்கும் ஆசை யாருக்கு அதிகம் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கோபத்தில் நீட்டிவிட்டேன், மன்னியுங்கள். நீங்கள் சம்பளமில்லாமல் உழைப்பதும் எனக்குத் தெரியும். முன்பணம் கட்ட இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. அதற்குள் 13 நாள் அட்டவணை ஒன்று போடுங்கள். கணக்குப் போட, தங்குமிடம் தேட நானும் வருகிறேன்.

அம்மாவின் பெயரை இன்னும் அடிக்க வேண்டாம். முடிவை அவரிடமே நேரில் சொல்லுங்கள். ஞாயிறு பூசையில் எப்போதும்போல இரண்டாவது வரிசையில் இருப்பார்.

இப்படிக்கு,
உங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு மகள்