மாலை 4.30 மணிக்கு வீட்டில் யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடும்பம் சிறிதாக இருந்தால் பிள்ளைகள் நன்றாகப் படிப்பார்கள் என்று வலியுறுத்தித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். திருப்பூரில் ஓர் அரசுப் பள்ளியில் 29 ஆண்டுகள் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற எனக்கு, அது பாதி உண்மையாகவே படுகிறது.

பெற்றோரின் வருமானமும் நேரமும் பல பிள்ளைகளுக்குப் பங்கிடப்படும்போது ஒவ்வொருவருக்கும் கிடைப்பது குறையும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் நார்வே நாட்டுத் தரவுகளைக் கொண்டு சாண்ட்ரா பிளாக் உள்ளிட்ட மூன்று பொருளியலாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், பெரிய குடும்பத்துப் பிள்ளைகள் குறைவாகப் படித்திருப்பதாக முதலில் தெரிந்தாலும், அவர்கள் எத்தனையாவது பிள்ளை என்பதையும் சேர்த்துப் பார்த்தபோது எண்ணிக்கையின் விளைவு ஏறக்குறைய மறைந்துபோனது. அங்கே பின்தங்கியவர்கள் இளையவர்கள்.

நம் ஊர் ஏழை வீடுகளில் நான் கண்டது பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. இழப்பு முழுவதும் மூத்த பெண்ணின் தலையில் விழுகிறது. தம்பிக்குக் காய்ச்சல் என்றாலும், ரேஷனில் அரிசி போட்டாலும், பல நாள் கழித்துக் குழாயில் தண்ணீர் வந்தாலும் வருகைப் பதிவேட்டில் விடுப்பு விழுவது அவள் பெயருக்கு நேராகத்தான். அந்த அக்காவின் தயவால் தடையின்றிப் பள்ளிக்கு வந்த தம்பியை நாங்கள் பாராட்டினோம்; அவளையோ படிப்பில் அக்கறையற்றவள் என்று கண்டித்தோம். கண்டித்தவர்களில் நானும் ஒருத்தி என்பது இன்றும் என்னை வருத்துகிறது.

பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தவரை தமிழ்நாடு பெரிய குடும்பங்களின் கட்டத்தை எப்போதோ தாண்டிவிட்டது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இங்கு ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 பிள்ளைகளே. அப்படியிருந்தும் எட்டாம் வகுப்பில் வகுத்தல் தெரியாமல் தடுமாறும் பிள்ளைகள் ஏன் இருக்கிறார்கள்? பனியன் கம்பெனிகளை நம்பித் தென்மாவட்டங்களிலிருந்து இங்கு வந்து லைன் வீடுகளில் குடியிருப்போரின் மாலைப்பொழுதைப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும். தாயும் தந்தையும் ஒன்றரை ஷிப்ட் முடித்துத் திரும்ப இரவு 8.30 மணி ஆகிவிடும். தாத்தாவும் பாட்டியும் சொந்த ஊரில். 4.30 மணிக்கு எதிர்வீட்டில் சாவியை வாங்கிக் கதவைத் திறக்கும் பிள்ளைக்கு, அடுத்த நான்கு மணி நேரம் கைப்பேசிதான் துணை.

என்னிடம் படித்த இருவரின் வீடுகளை இங்கே சொல்ல வேண்டும். ஒருவன் வீட்டுக்கு ஒரே மகன். பெற்றோர் இருவரும் சம்பாதித்தும் அவன் பத்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. மற்றவள் தந்தையை இழந்த வீட்டின் மூன்று பிள்ளைகளில் நடுப்பெண். தாய் கம்பெனிக்குப் போக, எழுதப் படிக்கத் தெரியாத அம்மாயி (தாயைப் பெற்ற பாட்டி) மாலைதோறும் மூவரையும் திண்ணையில் உட்காரவைத்து, புத்தகத்தை மூடும்வரை எழுந்திருக்க விடமாட்டார். அந்தப் பெண் இன்று செவிலியர். இரண்டு வீடுகளை வைத்துப் பொதுவிதி சொல்லிவிட முடியாதுதான். எனினும், "அப்பா இல்லாத பிள்ளை, அதனால்தான் இப்படி" என்று ஆசிரியர் அறையில் எளிதாகச் சொல்லிவிடும் வழக்கத்தை நான் கைவிட்டதற்கு அந்தத் திண்ணையே காரணம்.

2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம், விடியலில் வேலைக்குக் கிளம்பும் தாய்மாரின் பெருங்கவலையைத் தீர்த்தது. காலைக்குச் செய்ததை மாலைக்கும் செய்யலாம். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் காப்பகம் கேட்டதுகூட ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மட்டுமே. ஏழு வயதுப் பிள்ளையைப் பற்றி அது பேசவில்லை. ஆகவே பின்னலாடைத் தொழில் நடக்கும் பகுதிகளிலாவது அரசுப் பள்ளிகளின் இரண்டு வகுப்பறைகளை இரவு 8.30 மணிவரை திறந்துவைத்து, சுண்டலும் ஊதியம் பெறும் ஒரு பொறுப்பாளரும் இருக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்று பள்ளிக்கல்வித் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். செலவில் ஒரு பங்கைக் கம்பெனிகளிடம் கேட்பதிலும் தவறில்லை; பிள்ளைகளின் அந்த நான்கு மணி நேரம் அவற்றின் ஆர்டர்களுக்காகத்தான் செலவாகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
திருப்பூர்.