கண்மாய்க்கு எஸ்டிமேட் போடும் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நீர்வளத் துறையில் இருந்தாலும் சரி, ஊராட்சி ஒன்றியத்தில் இருந்தாலும் சரி, கண்மாய் என்றோ ஏரி என்றோ குளம் என்றோ உங்கள் மாவட்டத்தில் எந்தப் பெயரில் அழைத்தாலும் சரி, அதற்கு லெவல் எடுத்து, எஸ்டிமேட் போட்டு, டெண்டர் விட்டு, எம்.புக் என்கிற அளவுப் பதிவேட்டில் அளவு எழுதுகிற எல்லாருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். நான் கண்மாய்க்கரை ஊர்க்காரன். ஜீப் வந்து நிற்பதையும், கரைமேல் கருவியை நட்டு, ஸ்டாஃப் என்கிற அளவுகோலைப் பிடிக்க ஊர்ப் பையன் ஒருவனைக் கூப்பிடுவதையும் சின்ன வயதிலிருந்து பார்த்து வருகிறேன். அந்தப் பையனைக் கூப்பிடுகிற நீங்கள், அதே ஊரில் மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் விடும் நீர்பாய்ச்சியை ஏன் கூப்பிடுவதில்லை என்பதுதான் என் கேள்வி.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. எஸ்டிமேட் போடுவதற்கு முன்னால் அந்த நீர்பாய்ச்சியோடு ஒரு நாள் முழுக்கக் கரையில் நடங்கள். அவர் சொல்வதை எழுதி, கண்மாயின் ஆவணத்தில் அவர் பெயரோடு சேருங்கள். அந்த ஒரு நாளுக்குக் கூலி கொடுங்கள்.

உங்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் நீர்பாய்ச்சி என்போம், மதுரைப் பக்கம் நீர்க்கட்டி, வட மாவட்டங்களில் கம்புகட்டி. மடையைத் திறப்பதும் அடைப்பதும், கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் அடைப்பு எடுப்பதும், மழைக்காலத்தில் ராத்திரி முழுக்க டார்ச்சும் மண்வெட்டியுமாகக் கரையில் நடப்பதும் அவர் வேலை. ஐப்பசி மழையில் கரையில் கசிவு கண்டால், உள்பக்கம் எந்த இடத்தில் தண்ணீர் இழுக்கிறது என்று கண்டுபிடிக்க வைக்கோலை அள்ளித் தண்ணீர் மேல் தூவி, அது எங்கே சுழல்கிறது என்று பார்ப்பார். நண்டு வளையா, எலி வளையா, பழைய மரத்தின் வேர் மக்கிப்போன துவாரமா என்று அதிலேயே பாதி சொல்லிவிடுவார். அப்புறம் மூழ்கிப் போய், களிமண்ணும் வைக்கோலும் திணித்து அடைப்பார்.

அவருக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி இப்படிக் கண்ணுக்குத் தெரிகிற திறமைகூட இல்லை. மிஞ்சிய தண்ணீர் வழிந்து போகும் கலுங்கில் எந்தக் கல்வரைக்கும் தண்ணீர் நின்றால் எத்தனை நாளைக்கு வரும், நமக்கு மேல்பக்கம் இருக்கும் மேலூர்க் கண்மாய் நிரம்பி மறுகால் போனால் எவ்வளவு நேரத்தில் நம் வரத்துக்காலுக்குத் தண்ணீர் வந்து சேரும், எந்த மடையின் பாசனம் மேடு, எது பள்ளம், பற்றாக்குறை வருஷத்தில் யாருக்கு எத்தனை நேரம், எந்த வருஷம் எந்தத் தகராறு எப்படித் தீர்ந்தது, யார் எந்த ஓடையை மறித்து வயலோடு சேர்த்துக்கொண்டார் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது. சர்வே எண் கேட்டால் அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு வயலுக்கும் தண்ணீர் போகிற வழி தெரியும்.

பல ஊர்களில் அவருக்குப் பாசனத்தில் சொந்த நிலம் கிடையாது. நிலம் இருப்பவன் கையில் மடையைக் கொடுத்தால் அவன் வயல்தான் முதலில் நனையும் என்று பழைய ஆட்களுக்குத் தெரிந்திருந்தது. அறுவடை முடிந்து களத்தில் ஒவ்வொருவரும் அளந்து போடுகிற நெல்தான் அவருடைய சம்பளம்.

இனி ஒரு கண்மாயில் நடந்ததைச் சொல்கிறேன். எந்த ஊர், எந்த ஆபீஸ் என்பதெல்லாம் வேண்டாம், ஏனென்றால் இதைப் படிக்கிற பலர் தங்கள் ஊரிலும் இதைப் பார்த்திருப்பார்கள். தூர்வாரும் வேலை. ஜே.சி.பி. வந்தது. கரையை ஒட்டியே மண்ணைத் தோண்டி அதே இடத்தில் கரைமேல் போட்டார்கள், தூரத்திலிருந்து மண் கொண்டுவந்தால் டீசலும் நேரமும் ஆகும் என்பதால். மடையின் அடிமட்டத்துக்கும் கீழே ஆள் உயரத்துக்குப் பள்ளம் விழுந்தது. அந்த ஊர் நீர்பாய்ச்சி வேலை ஆரம்பித்த அன்றைக்கே சொன்னார்: "கரையை விட்டுத் தள்ளி எடுங்கய்யா, வரத்துக்கால் வந்து விழுற பக்கம் எடுங்க, வண்டல் அங்கதான் ஏறிக் கிடக்கு." யாரும் காதில் வாங்கவில்லை. மழை வந்தது, கண்மாய் பெருகியது, ஊருக்கே சந்தோஷம். மார்கழிக் கடைசியில், நெல் பால் பிடிக்கிற நேரத்தில், மடையில் தண்ணீர் நின்றுவிட்டது. உள்ளே எட்டிப் பார்த்தால் பள்ளத்தில் தண்ணீர் கிடக்கிறது, மடைக்கு ஏறவில்லை. இன்ஜின் வைத்திருந்தவர்கள் இறைத்துப் பிழைத்துக்கொண்டார்கள். இல்லாதவர்கள் பதரைத்தான் அறுத்தார்கள். கணக்கில் பார்த்தால் அந்தக் கண்மாயின் கொள்ளளவு கூடியிருக்கிறது, பில்லும் பாஸ் ஆகியிருக்கும். பள்ளத்துத் தண்ணீர் மாட்டுக்கு ஆகும், கிணற்றுக்கு ஊறும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வேலைக்குச் சொன்ன காரணம் பாசனம். போதாததற்கு, கரையின் காலடியிலேயே பறித்ததால் கரை பலவீனமாகி, அடுத்த மழையில் கசிவு பார்க்கும் வேலையும் அந்த நீர்பாய்ச்சி தலையிலேயே விழுந்தது.

அவர் சொன்னதை வைத்து ஐந்து நிமிடம் லெவல் பார்த்திருந்தால் இது நடந்திருக்காது. உங்கள் படிப்பும் அவர் சொன்னதும் ஒன்றையேதான் சொல்கின்றன. மடைமட்டத்துக்குக் கீழே தோண்டினால் அந்தத் தண்ணீர் பாயாது என்பது பாலிடெக்னிக் மாணவருக்கும் தெரியும். தெரிந்த இரண்டு பேர் ஒரே கரையில் நின்றும் பேசிக்கொள்ளவில்லை, அதுதான் நடந்தது.

உங்கள் துறைக்கு இப்படி எழுதிவைக்கும் பழக்கம் புதிதும் இல்லை. சென்னை மாகாணத்தில் 1883-ல் ஏரிப் புனரமைப்புத் திட்டம் தொடங்கியபோது, கண்மாய் கண்மாயாகப் போய் நீர்ப்பிடிப்பு, மடைகளின் மட்டம், கலுங்கின் நீளம், முழுக் கொள்ளளவு மட்டம் எல்லாவற்றையும் அளந்து 'டேங்க் மெமோயர்' என்று எழுதினார்களே, நீங்கள் இன்றைக்கும் எஸ்டிமேட்டுக்கு முதலில் தேடுவது அதைத்தானே? அதேபோல, எந்த ஊருக்கு எந்த வாய்க்காலில் எவ்வளவு உரிமை என்ற வழக்கத்தை எழுதிவைத்த மாமூல்நாமாக்களும் உண்டு. அதற்கும் முன்னால், கொள்ளிடத்தில் 1836-ல் மேலணை கட்டிய ஆர்தர் காட்டன், ஆழம் தெரியாத மணலில் அடித்தளம் போடும் வித்தையைக் கல்லணை கட்டிய நம் ஆட்களிடமிருந்துதான் கற்றுக்கொண்டோம் என்று வெளிப்படையாக எழுதினார். கோதாவரியில் தவளேசுவரம் அணைக்கும் அந்த அறிவு போயிற்று. வெள்ளைக்கார பொறியாளருக்கு இருந்த அந்த மனசு நமக்கு வராதா?

ஆனால் அந்த மெமோயரில் மட்டம் இருக்கிறது, வழக்கம் இல்லை. மடை எங்கே என்று இருக்கிறது, தண்ணீர் குறைவான வருஷத்தில் அதை எந்த வரிசையில் திறப்பது என்று இல்லை. மேலூர்க் கலுங்கை ஒரு ஜாண் உயர்த்தினால் கீழே வரிசையாக இருக்கும் கண்மாய்களில் எது காயும் என்பதையும் அதில் தேட முடியாது. நம் கண்மாய்கள் பெரும்பாலும் சங்கிலித் தொடராக இருப்பவை. ஒன்றின் மறுகால் அடுத்ததன் வரத்து. 'நாரை பறக்க முடியாத நாற்பத்தெட்டு மடை' என்று சொல்லும் ராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாயை நினைத்துப் பாருங்கள், அத்தனை மடைக்கும் முறை வைத்துத் தண்ணீர் விடுவதற்கு எத்தனை தலைமுறை பேசி, சண்டை போட்டு, சமாதானமாகி ஓர் ஒழுங்குக்கு வந்திருப்பார்கள்! அந்த ஒழுங்கும் கண்மாயின் ஒரு பகுதிதான். கரைக்கு மண் போடுகிற மாதிரி அதையும் பராமரிக்காவிட்டால் அது போய்விடும்.

போய்க்கொண்டும் இருக்கிறது. மோட்டார் கிணறும் போர்வெல்லும் வந்த பிறகு வசதியானவருக்குக் கண்மாய் தேவைப்படவில்லை, களத்தில் நெல் போடுவதை முதலில் நிறுத்தியவரும் அவரே. கூலி நின்றதும் நீர்பாய்ச்சியின் மகன் திருப்பூருக்கோ சென்னைக்கோ போய்விட்டான். போனதில் தப்பே இல்லை, நான் அவனிடத்தில் இருந்தாலும் போயிருப்பேன். ஆனால் அப்பாவுக்குத் தெரிந்தது மகனுக்குத் தெரியாது, வேறு யாருக்கும் தெரியாது.

இதில் சாதி இருக்கிறது என்பதையும் சொல்லாமல் விட முடியாது. நிறைய ஊர்களில் நீர்பாய்ச்சிகள் தலித் சமூகத்தைச் சேர்ந்தவர்கள். எழுபது வயதுப் பெரியவரை ஊரில் பத்து வயதுப் பையன் பெயர் சொல்லி, ஒருமையில் கூப்பிடுவான். அவர் சொல் ஏறாததற்கு முதல் காரணம் அது. இரண்டாவது காரணம் நிலம். உத்தரமேரூர்க் கல்வெட்டைப் பாடத்தில் படித்து நாம் எல்லாரும் பெருமைப்படுகிறோம், பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டியது, ஏரி வாரியம் என்று தனிக் குழுவே இருந்தது. சரி, பெருமைதான். ஆனால் அந்தக் குழுவுக்கு ஆள் எடுக்கும் குடவோலையில் பெயர் எழுத வரி கட்டுகிற சொந்த நிலம் வேண்டும் என்று அதே கல்வெட்டு சொல்கிறது. இங்கே 2000-ல் பாசன முறைகளை விவசாயிகளே மேலாண்மை செய்வதற்கென்று சட்டம் வந்து, அதன்கீழ் நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் அமைந்தபோதும் அவை நில உடைமையாளர்களின் சங்கங்களாகத்தான் அமைந்தன. மடையைத் திறப்பவருக்கு நிலம் இல்லை, அதனால் சங்கத்தில் ஓட்டும் இல்லை. நிலம் இல்லாததால்தான் அவரை நம்பி மடையைக் கொடுத்தார்கள், நிலம் இல்லாததால்தான் அவரைக் கூட்டத்தில் உட்காரவைக்கவில்லை. ஆயிரம் வருஷமாகியும் இதை மாற்றாமல் நிலைத்த வளர்ச்சி என்று பேசிக்கொண்டிருக்கிறோம். ஐ.நா. 2015-ல் ஏற்றுக்கொண்ட 17 இலக்குகளில் ஆறாவது தண்ணீர். அதற்குள் நீர் மேலாண்மையில் உள்ளூர் மக்களின் பங்கேற்பை வலுப்படுத்த வேண்டும் என்று தனியாக ஒரு வரி இருக்கிறது. எங்கள் ஊரில் அந்த உள்ளூர் மக்கள் யார் என்று கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது நீர்பாய்ச்சிதான்.

நேரம் இல்லை என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். தமிழ்நாட்டில் சுமார் 39,000 கண்மாய்கள், ஏரிகள். 40 ஹெக்டேருக்கு மேல் பாசனம் உள்ளவை நீர்வளத் துறையிடம், அதற்குக் குறைந்தவை ஒன்றியங்களிடம். ஓர் இளநிலைப் பொறியாளர் தலையில் எத்தனை கண்மாய் விழுகிறது, மார்ச் மாதத்துக்குள் நிதியைச் செலவழிக்க என்ன நெருக்கடி வருகிறது என்பதை நான் அறிவேன். மேலிடத்தில் ஒரு கையெழுத்தில் நூறு கண்மாய்க்கு ஒரே மாதிரி எஸ்டிமேட் கேட்பார்கள். ஆனால் உங்களுக்கு நேரம் மிச்சமாவதே அவரோடு நடப்பதில்தான். எந்த மடை ஒழுகுகிறது, கரை எங்கே முன்பு உடைந்தது, எந்த வாய்க்காலில் ஆக்கிரமிப்பு என்று நீங்கள் வாரக்கணக்கில் தேடுவதை அவர் ஒரு பகலில் காட்டிவிடுவார்.

மழையும் முன்போல இல்லை. நம் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் விழுவது பழைய கதை, இப்போது அதுவும் சில நாட்களில் மொத்தமாகக் கொட்டுகிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குப் பெய்தது. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் எத்தனையோ குளங்களின் கரை உடைந்தது. அவ்வளவு மழைக்கு எந்த நீர்பாய்ச்சியும் தனியாக ஒன்றும் செய்ய முடியாது, நான் அப்படிச் சொல்லவும் வரவில்லை. ஆனால் அதற்கு முந்தைய நாள் ராத்திரி எந்த மடையைத் திறந்துவைப்பது, கலுங்கில் அடைத்திருக்கும் பலகையையும் செத்தையையும் எப்போது எடுப்பது, எந்த இடத்தில் மணல் மூட்டை அடுக்குவது என்று முடிவெடுக்கத் தெரிந்த ஒருவர் கரையில் இருப்பதற்கும் இல்லாததற்கும் வித்தியாசம் இருக்கிறது. செயற்கைக்கோள் படமும் தானியங்கி மழைமானியும் வரட்டும், நல்லது, வேண்டும். அந்தத் தகவல் வந்து சேர்ந்ததும் மடையருகே நின்று ஷட்டரைச் சுழற்றப் போகிற கை யாருடையது?

ஆகவே மெமோயரில் நான்கு பக்கம் சேர்த்துக்கொள்ளுங்கள். மடைகளின் ஊர்ப் பெயர், திறக்கும் வரிசை, பஞ்ச காலத்து முறை, உடைந்த இடங்கள், மேலூரோடும் கீழூரோடும் உள்ள ஒப்பந்தம். தமிழில் எழுதி, கிராம சபையில் வாசித்து, ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். ஒருவர் சொன்னதை அப்படியே வேதவாக்காக எடுக்கச் சொல்லவில்லை, தப்பு இருந்தால் ஊரே திருத்தும். எஸ்டிமேட்டில் நீர்பாய்ச்சியின் நாள்கூலிக்கு ஒரு வரி போடுங்கள். மடையையும் வாய்க்காலையும் பார்த்துக்கொள்ளும் துறை ஊழியரான லஸ்கர் பணியிடங்கள் காலியாக இருக்கிற இடங்களில் நீர்பாய்ச்சிகளுக்கு மழைக்கால மாதங்களுக்காவது சம்பளம் தர மேலே எழுதுங்கள், சங்கத்தில் ஓட்டோடு ஓர் இடம் கேட்டும் எழுதுங்கள். அவர் வீட்டுப் பிள்ளைகள், பெண்பிள்ளைகளும்தான், கூடவே நடந்து கற்றுக்கொள்ள விரும்பினால் அவர்களுக்கும் பயிற்சிப் படி கொடுக்க வழி பாருங்கள்.

எங்கள் கண்மாயின் நீர்பாய்ச்சிக்கு இப்போது கண் சரியாகத் தெரியவில்லை, ஆனால் பேச்சு தெளிவாக இருக்கிறது. கரை முழுக்க நடக்க அவரால் இன்னும் முடியும். புரட்டாசிக்குள் வந்தால் தண்ணீர் வருமுன் எல்லா மடையையும் வெளியே நின்றே காட்டிவிடலாம் என்கிறார். எந்தத் தேதி என்று சொல்லி அனுப்புங்கள், நான் அவரை அழைத்து வருகிறேன்.

இப்படிக்கு,
கண்மாய்க்கரை ஊர்க்காரன் ஒருவன்