ஜப்பானில் இருப்பவர்கள் கவனத்துக்கு: ரெசிடென்ஸ் கார்டு

வணக்கம் நண்பர்களே. நேற்று இரவு நம் குழு நண்பர் ஒருவரை ரயில் நிலைய வாசலில் போலீஸ் நிறுத்தி ரெசிடென்ஸ் கார்டை (இங்கே நீண்ட நாள் தங்கும் வெளிநாட்டவருக்கான அடையாள அட்டை) கேட்டிருக்கிறார்கள். கார்டு வீட்டில் இருந்தது. போனில் இருந்த போட்டோவைக் காட்டியிருக்கிறார், அது செல்லவில்லை. ஒரு மணி நேரம் கழித்துத்தான் விட்டார்கள்.

பால் வாங்கப் போனாலும் அசல் கார்டு பையில் இருக்கட்டும். 16 வயது நிரம்பியவர்கள் எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். இல்லாவிட்டால் 2 லட்சம் யென் வரை அபராதம். காட்ட மறுத்தால் சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா வெளியே போனால் பாஸ்போர்ட்டைக் கொடுத்து அனுப்புங்கள்.

அப்புறம் சைக்கிள். இங்கே சைக்கிளுக்கும் பதிவு உண்டு; போலீஸ் நிறுத்தினால் பதிவு எண்ணை வைத்து யார் பெயரில் இருக்கிறது என்று பார்ப்பார்கள். ஊருக்குத் திரும்பியவரிடம் வாங்கிய வண்டியைப் பெயர் மாற்றாமல் ஓட்டுபவர்கள் நம்மில் எத்தனை பேர்? (நானும்தான். சனிக்கிழமை பெயர் மாற்றப் போகிறேன்.)

நிறுத்தினால் கோபப்படாமல், என்ன காரணம் என்று கேளுங்கள். கேட்பதில் தவறில்லை. கார்டு தொலைந்தால் போலீஸில் புகார் கொடுத்து, 14 நாளுக்குள் இமிக்ரேஷன் அலுவலகத்தில் புதிதுக்கு விண்ணப்பியுங்கள்.